செல்வின் ஜெட்டின் நான்கு நிமிடம்

செல்வின் தன் கையால் செய்த ரிமோட் ஜெட் விமானம் பறப்பதைப் பார்த்தவர்கள், "இவ்வளவுதானா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வயிற்றுக்குள் விசிறி வைத்த ஜெட், பேட்டரியை மடமடவென்று குடித்துவிடும். நாலு நிமிடத்துக்குள் இறக்கியாக வேண்டும். அக்காள் ஜோவிதாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. "எங்க, நீங்க ஒரு நிமிஷம் விட்டுக் காட்டுங்களேன்" என்பாள். ஒன்பதாவதோடு நின்று தையல்கடை வைத்தவள். தம்பி ஒட்டிய இறக்கையின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, தன் தையலில்கூட இந்த நேர்த்தி இல்லை என்று வரிச்சிக்குடியில் புகுந்த வீடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

செல்வினுக்குச் சென்னைப் பக்கம் ஓரகடத்து ஆலை ஒன்றில் ஒப்பந்த வேலை. நாலு பேரோடு ஓர் அறை. இந்தச் சமயத்தில்தான் சொந்த ஊருக்குப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்று, மாணவர்களுக்கு மாதிரி விமானம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடியது. பட்டம் கேட்கவில்லை. ஜெட்டைப் பறக்கவிட்டு ஒழுங்காக இறக்கிக் காட்டினால் வேலை, ஊரோடு இருந்துவிடலாம்.

மண்டபத்தூர்க் கடற்கரைக்குப் பேராசிரியர் வருகிற காலையில், பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்த செல்வின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தான். தட்டையாக இருக்கவேண்டியதெல்லாம் பூரி மாதிரி உப்பியிருந்தது.

"அக்கா, யாரு இதுக்கெல்லாம் ஃபுல்லா சார்ஜ் ஏத்துனது?" என்றான், ஜெட் விடுவதைப் பார்க்க வந்திருந்த ஜோவிதாவிடம்.

பாதி சார்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. முழுக்க ஏற்றிச் சும்மா போட்டால் உள்ளேயே பாழாகும். இதை அவன் அக்காளிடம் மட்டுமே சொல்லியிருந்தான்.

அம்மா லூர்தம்மாள் காபியோடு வந்தாள். "நாந்தான்டா. போன மழையில புயல் வருதுன்னு மைக்கு கட்டிச் சொல்லிட்டுப் போனானுவ. கரண்டு போனா எப்ப வருமோன்னு செல்லு, எமர்ஜென்சி லைட்டு, ஒன் பேட்டரின்னு ஒண்ணு விடாம ஏத்துனேன். நீ போடுற மாதிரியே பாத்துப் பாத்துப் போட்டேன்."

அந்தப் புயல் வேறெங்கோ போய்விட்டது.

ஜோவிதா உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். தம்பி கண்ணாலேயே வேண்டாம் என்றான். "நல்லதுதாம்மா செஞ்சிருக்க" என்று தம்ளரை வாங்கிக்கொண்டான்.

"வேற நாள் கேளேன்டா" என்றாள் ஜோவிதா வழியில்.

"திங்கக்கிழமை ஆளச் சேத்துருவாங்களாம்க்கா." உப்பல் குறைந்த ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மாட்டினான்.

கடற்கரையில் வலை உலர்த்தியவர்கள் சிரித்தார்கள். "மேலேருந்து மீனு எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லுப்பா, நாங்க வலைய போடுறோம்!"

ஜெட் சீறி ஏறியது. ஒரு சுற்று. பேராசிரியர் முகம் மலர்ந்ததை ஜோவிதா பார்த்தாள். இரண்டாவது சுற்றில் விசிறியின் சத்தம் கம்மியது. காற்றில் மிதந்தே இறங்குகிற ஜாதியில்லை அது. விசிறி ஓய்ந்தால் கல்தான். அலைக்கு அப்பால் போய் விழுந்தது.

மீனவர் ஒருவர் நீந்திப் போய், முறிந்த இறக்கையோடு தூக்கி வந்தார்.

"திறமை இருக்கு தம்பி. பாப்போம்" என்றார் பேராசிரியர். போன் நம்பர் கேட்கவில்லை.

வாசலிலேயே நின்றிருந்தாள் அம்மா. "முழுசா ஏத்தி வச்சிருந்தேனே, எப்படிடா விழுந்துச்சு?"

"காத்தும்மா. கடல்காத்து அடிச்சிருச்சு."

சாயங்காலம் அவன் ஓரகடத்துக்குத் திரும்பத் துணிகளைப் பைக்குள் அடுக்கினான். கொல்லையில் ஜோவிதா, உப்பிய பேட்டரிகள் தீப்பிடித்துவிடாதபடி அவற்றை உப்புத் தண்ணீர் வாளியில் ஒவ்வொன்றாக அமிழ்த்தினாள். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது: "அடுத்த தடவ நீ வர்றதுக்குள்ள மறுபடியும் எல்லாத்தையும் ஏத்தி வச்சிர்றேன்டா தம்பி."

"சரிம்மா" என்றான் செல்வின்.