நர்ஸம்மா படுக்கவைத்த நங்கூரம்

போன கோடையில் கடல் சூடேறிப் பாதிப் பவளம் வெளுத்துச் செத்தது. பிழைத்த துண்டுகளைக் கம்பிச் சட்டத்தில் கட்டிக் கடலடியில் வளர்ப்பது அவள் வேலை. "நர்ஸம்மா" என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவர் அக்கா புருஷன், சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர்.

மணலில் போட்டால் நங்கூரம் பிடிக்காதாம். அதனால் தினமும் அவள் வளர்த்த பவளத்தின் மேலேயே போடுவார். வருஷத்துக்கு விரலளவு வளர்ந்தது ஒரே இழுப்பில் பொடியாகும். அதில் குடியிருந்த குஞ்சு மீன்கள் சிதறி ஓடும். கேட்டால், "கல்லுதானே நர்ஸம்மா, தானா வளந்துக்கும்" என்று சிரிப்பார். அக்கா முகத்துக்காக அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

நேற்று பொறுக்கவில்லை. அவர் நங்கூரம் போட்டதும் மூழ்கினாள். அதைப் பவளத்திலிருந்து விடுவித்து, பிள்ளையைக் கிடத்துவதுபோல மணலில் படுக்கவைத்துவிட்டு வந்தாள். அவர் பயணிகளிடம் பெருமையடித்துக்கொண்டிருக்க, படகு நைசாக நகர்ந்து மணல்திட்டில் ஏறியது. அது கடல் வற்றும் நேரம்; தண்ணீர் உள்வாங்கிப் படகு மணலிலேயே நின்றது. மொட்டை வெயிலில் பயணிகள் அவரைக் கிழிகிழியென்று கிழித்தார்கள்.

அவள் தன் படகை நிதானமாக அந்தப் பக்கம் விட்டாள்.

"ஏம்மா, ஒரு கயிறு போட்டு இழுத்து விடேன்!"

"எதுக்கு மாமா? தண்ணிதானே, தானா ஏறிக்கும்."