பால்வாடி திறக்க வரவேண்டிய அமைச்சர்

எங்கள் வீதிப் பால்வாடியை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டினார்கள். சுவரில் யானை, மாம்பழமெல்லாம் வரைந்து முடித்துப் பூட்டியும் விட்டார்கள். அமைச்சர் வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம். அவர் பேர் பொறித்த கல்லைக் கதவோரம் பதித்து, பனியன் துணியைச் சுற்றி வைத்திருந்தார்கள்.

அக்கா வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். மச்சான் விட்டுப் போனபிறகு அந்தச் சம்பளத்தில்தான் அவளும் பையனும் சாப்பிட்டார்கள். பையனை விட இடமில்லாமல் லீவு போட்டாள். அம்மாவும் நானும்கூட கம்பெனிக்குப் போகிறவர்கள்.

சூப்பர்வைசர் நல்ல மனுசன். "இந்த மாசம் முடியற வரைக்கும் உன்ற எடத்துல ஆள் போடல கண்ணு. அதுக்கு மேல என்னைக் கேக்காதே" என்றார்.

பால்வாடிச் சாவி எங்கள் வீதிக் கட்சிக்கார அண்ணன் ஒருவரிடம் இருந்தது. போய்க் கேட்டேன்.

"ஏனுங்ணா, ரிப்பன் வெட்டக் கத்திரி இல்லீங்ளா? எங்க கட்டிங் மாஸ்டரக் கூட்டியாரட்டுங்களா?"

"வாயப் பாரு. கல்லுல பேரே வெட்டியாச்சு. அவரு கையாலதான் தொறக்கோணும்."

அடுத்த வாரம் கம்பெனியில் டீ நேரத்தில் எல்லோர் போனிலும் ஒரே செய்தி. அமைச்சர் ராஜினாமா. உடம்பு சரியில்லையாம். கேஸ் நெருக்குகிறது என்றார் டெய்லர். தலைவர் வீட்டுக் கல்யாணத்தில் ஏதோ பேசிவிட்டார் என்றார் அயர்ன்காரர். எங்கள் கம்பெனியில் ஆளை நிறுத்தினால் 'ஆர்டர் இல்லை' என்பார்கள். அங்கே 'உடம்பு சரியில்லை' போலிருக்கிறது. இரண்டையும் யாரும் நம்புவதில்லை.

அக்கா காரணமெல்லாம் கேட்கவில்லை. "அப்ப பால்வாடி?" என்றாள்.

கல்லில் இருந்த பேரின்மேல் சிமெண்ட் பூசினார்கள். கதவைத் திறக்கவில்லை. மாசம் முடிந்தது. அக்காவின் இடத்துக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் போட்டார்கள். அவளுக்கும் ஊரில் ஒரு பிள்ளை இருக்கிறதாம்.

அக்கா வீட்டிலேயே பிசிறு வெட்ட ஆரம்பித்தாள். துணியில் தொங்கும் நூலை நறுக்கிக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. மழை தொடங்கிய சமயம் ஒரு பண்டல் வந்தது. பிரித்தால் எல்லாம் வெள்ளை டீசர்ட், நெஞ்சில் புது அமைச்சர் சிரிக்கிறார். எங்கள் பால்வாடியைத் திறந்துவைக்க வருகிறாராம். பழையவருக்கும் அதற்குள் உடம்பு தேறி, வேறு இலாகா கொடுத்துவிட்டார்கள்.

"மூக்குல வெட்டிப் போடாத அக்கா. அப்பறம் இவருக்கும் உடம்புக்கு ஆகாமப் போயிரும்."

அவள் சிரிக்கவில்லை. பிரிண்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"ஒரு தண்ணிக்குத் தாங்காதுடா."

திறப்பு விழா ஜோராக நடந்தது. மறுநாள் பையனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

"அப்பறமென்ன, இனிக் கம்பெனிக்குக் கெளம்பு" என்றேன், வழக்கம்போலக் கிண்டலாக.

"எந்தக் கம்பெனிக்குடா?" என்று கேட்டுவிட்டு, கத்திரியை எடுத்துக்கொண்டு பண்டல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.