குழிக்குள் இறங்காத மதியம்

மராத்தி பேசும் நகரம் ஒன்றில், மகர்பட்டா என்ற பகுதியைத் தாண்டி ஒரு பெரிய அலுவலகக் கட்டடம். ஏப்ரல் மாதம், மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேலே எல்லா மாடிகளிலும் ஆட்கள் கணினி முன்னால் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குளிரைத் தயாரிக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், அடித்தளத்தில் இருந்த ஒரு குழிக்குள், என்னோடு வேலை செய்யும் மனிதர் அசைவில்லாமல் கிடந்தார். நான் அவரைப் பார்த்தபடி மேலே நின்றேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

சில்லர்களைப் பழுது பார்ப்பது என் வேலை. பெரிய கட்டடங்களின் ஏசிக்காகத் தண்ணீரைக் குளிரவைத்து மேலே அனுப்பும் இயந்திரம்தான் சில்லர். ஒரு லாரி அளவு இருக்கும். எங்கள் கம்பெனியில் என்னைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான், குழிக்குள் கிடந்த அந்த மனிதர். நகரத்தின் கேம்ப் பகுதியில் பரம்பரையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை; கடையில் உட்காரப் பிடிக்காமல் மெக்கானிக் ஆனவர். பூர்வீகம் கீழக்கரைப் பக்கம். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் போனில் என் அம்மாவோடு தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மா சொல்றதும் நியாயந்தானே" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன். அவர் வாடிக்கையாளர்கள் முன்னால் என்னை மேடம் என்பார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் "என்னம்மா" என்பார்.

அந்தக் கட்டடத்திலிருந்து வந்த புகார் சாதாரணமானது. "பர்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்றார் அங்கே சில்லரைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர். அது பழைய மாதிரி சில்லர். அதன் குளிர்விக்கும் பகுதிக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அதனால் எங்காவது ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு வெளியே வராது. வெளிக்காற்றுதான் உள்ளே போகும். அப்படிப் போன காற்றைப் பிரித்து வெளியே தள்ளுவதற்காகச் சில்லரின் தலையில் ஒரு சின்ன இயந்திரம் உட்கார்ந்திருக்கும். அதுதான் பர்ஜ். அது எப்போதாவது ஓடினால் சரி. ஓடிக்கொண்டே இருந்தால் இணைப்புகளை அடைக்கும் கேஸ்கெட் ஏதோ ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். இப்படித்தான் நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டு போனோம். காற்று உள்ளே போகும் வழியைத் தேடத்தான் போனோம். வாயு வெளியே வந்துகொண்டிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அடித்தளத்தில் இருந்த சில்லர் அறைக்கு ஒரே கதவு. உள்ளே ஒரே இரைச்சல், பக்கத்தில் நின்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். லேசாக ஒரு இனிப்பு வாசனை இருந்தது. புதிதாக பெயின்ட் அடித்திருந்தார்கள், அந்த வாசனையென்றே நினைத்தேன். வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கைக்கருவியை நான் உள்ளே வந்த பிறகுதான் பையிலிருந்து எடுத்து ஆன் செய்தேன். ஒரு தடவை சிணுங்கிவிட்டு அமைதியானது. சில்லரைச் சுற்றி வந்தேன், கருவியில் சத்தமே இல்லை.

"வாயு எங்கயும் இல்ல பாய்," என்றேன்.

"அப்ப பர்ஜ் வெளிய விடுற பைப்பு எங்க போவுதுன்னு பாக்கணும். மேல சுவத்துக்குள்ள போயி காணாமப் போயிடுச்சு. புதுசா கேபிள் இழுத்திருக்கானுங்க பாருங்க, அதுல எங்கயோ வெட்டிவிட்டிருப்பானுங்க." சில்லருக்குப் பின்னால் தண்ணீர் பம்புகள் வைத்திருந்த பள்ளத்தைக் காட்டினார். கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு ஆழம், இறங்க இரும்பு ஏணி. "கீழ எறங்கி அந்தப் பக்கச் சுவத்தப் பாத்துட்டு வந்துர்றேன். நீங்க ஆபீசுக்குப் போன் போட்டு கேஸ்கெட் இருக்கான்னு கேளுங்க."

அறைக்குள் போன் சிக்னல் கிடைக்காது. கைக்கருவியை அணைத்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, வண்டிகள் ஏறி இறங்கும் சாய்தளத்தில் பாதி தூரம் ஏறிப் பேசினேன். ஸ்டோரில் இருந்தவர் என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு யாரோடோ கிரிக்கெட் பேசினார். வெயில் முகத்தில் அடித்தது. கேஸ்கெட் இருக்கிறது என்று ஒருவழியாகச் சொன்னார். சாய்தளத்திலேயே கருவியை மறுபடி ஆன் செய்துகொண்டு திரும்பி வந்து, கதவைத் தாண்டிக் காலை வைத்தேன்.

கையில் இருந்த கருவி அலறியது.

பீப் பீப் என்று விட்டுவிட்டு அல்ல, மூச்சுவிடாமல் ஒரே அலறல். கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்து அங்கேயே அணைத்து, மறுபடி ஆன் செய்தேன். ஒரு சிணுங்கல், பிறகு அமைதி. வெளியே ஓடிப்போய், நல்ல காற்றில் ஆன் செய்து, மறுபடி உள்ளே நீட்டினேன். அலறல்.

அப்போதுதான் புரிந்தது. அந்தக் கருவியை எந்தக் காற்றில் ஆன் செய்கிறோமோ அந்தக் காற்றையே சுத்தமான காற்று என்று அது எடுத்துக்கொள்ளும். நான் முதலில் ஆன் செய்தபோதே அறை முழுக்க வாயு இருந்திருக்கிறது. இனிப்பு வாசனை பெயின்ட் இல்லை. அந்த வாயு காற்றைவிடப் பல மடங்கு கனம். தண்ணீர் மாதிரி பள்ளம் தேடிப் போய்த் தேங்கும். தேங்கிய இடத்தில் மூச்சுக்குக் காற்று இருக்காது.

"பாய்!" என்று கத்தினேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பள்ளத்தின் கம்பியைப் பிடித்து எட்டிப்பார்த்தேன்.

அவர் ஏணியடியில் உட்கார்ந்திருந்தார். பம்பின் மேல் சாய்ந்து, தலை தொங்கி, டார்ச் மடியில் எரிந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் தூங்கிப்போன ஆள் மாதிரி. மண்டி போட்டுக் கையை நீட்டினேன். தோளுக்கும் என் விரலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளிதான். இன்னும் குனிந்தேன். அடக்கியிருந்த மூச்சு என்னை அறியாமல் பிரிந்து, அந்த இனிப்பு உள்ளே போனது. கண் முன்னால் கம்பிகள் மெதுவாக வளைந்தன. கை கால் லேசாகி, ஏதோ நல்லதாக நடப்பது போலக்கூட இருந்தது.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. கதவுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

ஆபரேட்டர் டீ வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். இந்தியில் சொன்னேன்: உள்ளே வாயு, பாய் குழியில் விழுந்துவிட்டார், கட்டடத்தின் தீயணைப்பு ஆளைக் காற்று சிலிண்டரோடு வரச் சொல்லுங்கள். அவர் வாக்கி டாக்கியில் மராத்தியில் கத்தினார். கத்திவிட்டு நேராகக் கதவுக்குள் போகப் பார்த்தார். நான் குறுக்கே நின்றேன்.

"மேடம், ஹட்டோ! மர் ஜாயேகா வோ!" செத்துப்போவான், வழிவிடு என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"நீங்களும் சாவீங்க! உங்களைத் தூக்க யாரும் வரமாட்டாங்க!" நான் என்ன மொழியில் கத்தினேன் என்று தெரியாது. தமிழாகத்தான் இருந்திருக்கும். இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குழியில் விழுந்தவனைக் காப்பாற்ற இறங்கியவன் விழுவான்; அவனுக்காக இறங்கும் மூன்றாவது ஆளும் விழுவான். வகுப்பில் கேட்கும்போது தலையாட்டிவிட்டேன். அங்கே நின்றபோது அந்தப் பாடம் மனிதத்தன்மையே இல்லாததாக இருந்தது. பத்தடி போனால் பாய். நான் இன்னொருவரையும் போகவிடாமல் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

கதவுக்குப் பக்கத்தில் காற்றை வெளியேற்றும் விசிறியின் சுவிட்சு இருந்தது. தட்டினேன். ஓடவில்லை.

"ஃபேன் ஏன் ஓடல?" என்று இந்தியில் கேட்டேன்.

ஆபரேட்டர் முகம் மாறியது. சத்தம் அதிகம் என்று மேலே யாரோ சொன்னதால் மின்சாரப் பேனல் ரூமில் அணைத்து வைத்திருக்கிறார்கள்.

"ஓடுங்க. அதைப் போடுங்க. பர்ஜோட கரண்ட் லைன அணைங்க. ஓடுங்க!"

செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததும் அவர் தள்ளுவதை விட்டுவிட்டு ஓடினார். நான் தனியாக நின்றேன். அந்த நேரத்தைப் பற்றித்தான் இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கசிவு சோதிப்பதற்காக எங்கள் கம்பெனி ஆட்கள் முன்கூட்டியே கொண்டுவந்து கதவோரம் சாய்த்துவைத்த நைட்ரஜன் சிலிண்டர் கண்ணில் பட்டது. இதைத் திறந்து உள்ளே விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். நைட்ரஜனிலும் மூச்சுவிட முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை அதன் திருகு வரைக்கும் போய்விட்டது. அதைப் பார்த்து நான் இன்னும் பயந்தேன். என் புத்தி என் கையில் இல்லை. "பாய், பாய்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். அவருடைய மனைவி எனக்குத் தெரிந்தவர். ரமலானில் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி கொடுத்தனுப்புவார். அவரிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக மனதில் ஓடத் தொடங்கியது. அதை நிறுத்த முடியவில்லை.

விசிறி உறுமிக்கொண்டு கிளம்பியது. சில்லர் அறைக்குள் காற்று இழுபட்டு என் துப்பட்டா கதவுக்குள் பறந்தது. அதே நேரம் சாய்தளத்தில் தீயணைப்பு ஆள் முதுகில் சிலிண்டரும் முகத்தில் மூடியுமாக ஓடிவந்தார். பள்ளம் இருந்த பக்கம் கையைக் காட்டினேன். அவர் கயிற்றோடு உள்ளே போனார். கயிற்றின் இந்த முனையை, ஓடித் திரும்பிவந்த ஆபரேட்டரும் நானும் பிடித்துக்கொண்டோம். இரண்டு தடவை இழுபட்டது. இழுத்தோம். அவ்வளவு கனத்தை நான் அதற்கு முன் இழுத்ததில்லை.

பாயை வெளியே கிடத்தியபோது உதடு நீலமாக இருந்தது. தீயணைப்பு ஆள் தன் முகமூடியைக் கழற்றி அவர் முகத்தில் வைத்து அழுத்தினார். நான் பாயின் சட்டைப் பொத்தான்களைப் பிய்த்தேன். நெஞ்சு எழுந்ததா இல்லையா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணில் அவ்வளவு தண்ணீர். பிறகு ஒரு இருமல். இன்னொன்று. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "பைப்பு அந்தப் பக்கம்தான் வெட்டிருக்கு," என்றார்.

ஆஸ்பத்திரியில் இதயத்தைக் கவனிக்க வேண்டும் என்று படுக்க வைத்தார்கள். பாயின் மனைவி கேம்ப்பிலிருந்து ஆட்டோவில் வந்தார். பள்ளத்தருகே எனக்கு நேர்ந்ததை மட்டும் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "உள்ள போகாம வாசல்லயே நின்னீங்களா?" என்றார்.

"ஆமா."

"இன்னொருத்தரையும் போக விடல?"

"விடல."

அவர் வார்டின் கதவைப் பார்த்தார். "நீங்க செஞ்சது சரியாத்தான் இருக்கும். படிச்சவங்க. ஆனா நானா இருந்தா எறங்கியிருப்பேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு என் உள்ளங்கையைப் பார்த்து, தோல் உரிந்திருக்கிறதே, மருந்து போட்டீர்களா என்று கேட்டார். கயிறு இழுத்த காயம்.

இரண்டு நாள் கழித்து வேறு ஒருவரோடு போய் அந்த பர்ஜைப் பிரித்தேன். காற்றை வெளியே விடும் வால்வு துருப்பிடித்துத் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் பர்ஜ் காற்றோடு சேர்த்து வாயுவையும் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே போக வேண்டிய குழாயைக் கேபிள் வேலைக்காரர்கள் அறுத்துவிட்டதால் எல்லாம் குழியில் இறங்கியிருக்கிறது. வால்வை மாற்ற அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆனால் ஸ்பேனர் நழுவிக்கொண்டே இருந்தது. விசிறி முழு வேகத்தில் ஓடியது, கதவைக் கட்டித் திறந்து வைத்திருந்தோம், கருவியை வெளியே ஆன் செய்து கொண்டுவந்திருந்தேன். இருந்தும் அந்தப் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்க என்னால் முடியவில்லை.

பாய் வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். துணிக்கடைக்கு மேலே வீடு. இளைத்திருந்தார். மனைவி சமோசா வைத்துவிட்டு உள்ளே போனதும், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீங்க கூப்பிட்டது கேட்டுச்சும்மா."

"எப்ப?"

"கீழ இருக்கயில. பாய், பாய்னு. நல்லாவே கேட்டுச்சு. சரி, அப்புறமா பதில் சொல்லிக்கலாம், இப்ப என்ன அவசரம்னு தோணுச்சு. கஷ்டமே இல்ல. அவ்வளவு சொகமா இருந்துச்சு." சமோசாவைக் கையில் எடுத்தவர் தட்டிலேயே வைத்துவிட்டார். "அத நெனச்சாத்தான் ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. இவகிட்ட சொல்லல."

எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று நான் சொன்னேன். கையை நீட்டியபோது கம்பிகள் வளைந்ததைச் சொன்னேன். அதுவரை நான் யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. கீழே கடையில் யாரோ துணியை மீட்டரில் அளந்து டர்ரென்று கிழிக்கும் சத்தம் கேட்டது.

நான் குடியிருக்கும் வாகடுக்குத் திரும்பும் வழியில் எப்போதும் போல நெரிசல். நான் காரின் ஏசியை அணைத்து நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற லாரியின் புகை முழுக்க உள்ளே வந்தது. இருமிக்கொண்டே ஓட்டினேன்.