ஆட்டுக்காக அடித்த ஹோல்டான்

1986-ஆம் வருடம் குடியரசு தினத்தன்று, தருமபுரியில் எங்கள் காலனி மைதானத்தில் நடந்தது இது. காலனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்று தெரு, நாற்பது வீடு. குடியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்பதால் டவுனில் அதற்கு 'பென்ஷன் காலனி' என்று பெயர். அங்கே ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. செய்த வேலைதான் பெயர். ஹெட்மாஸ்டர், ஏட்டு, நர்ஸம்மா, காரிமங்கலம் சந்தையில் கயிறு விற்றுவிட்டுக் கடையை மகனிடம் ஒப்படைத்து வந்த கயிற்றுக்கடை பாய். நான் கண்டக்டர். அரசு பஸ்ஸில் மாரண்டஹள்ளி லைனில் விசில் ஊதி ஊதியே தலைமுடியைத் தொலைத்தவன். அதே பஸ்ஸைப் பதினாறு வருடம் ஓட்டிய டிரைவர், ஓய்வுக்குப் பிறகும் என்னை விடாமல் எதிர்வீட்டுக்கே குடிவந்திருந்தார்.

மைதானத்தை ஒட்டி, காலனிக்குப் பொதுவாக ஒரு ஹால் உண்டு. சாயங்காலம் ஐந்து மணி முதல் எட்டு மணி வரை அது எங்கள் ராஜ்யம். இரண்டு கேரம் போர்டு, ஒரு ரேடியோ, ஒரே பேப்பரை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக்கொண்டு எட்டுப் பேர். டிரைவருக்கு மனைவி தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் ஓசூரில். நாலரை மணிக்கே வந்து ஹால் படியில் உட்கார்ந்திருப்பார். காலையிலிருந்து அவர் பேசும் முதல் வார்த்தையே பல நாள் "காயை அடுக்குங்க" என்பதாகத்தான் இருக்கும்.

இந்த ஹாலுக்குத்தான் ஆபத்து வந்தது. பக்கத்துத் தெரு வாலிபர்கள் எங்கிருந்தோ இரும்புக் குண்டெல்லாம் வாங்கிவந்து, உடற்பயிற்சி செய்யச் சாயங்காலம் ஹாலைக் கேட்டார்கள். காலனிக் கூட்டத்தில் அவர்கள் கேப்டன் எழுந்து, "நாங்க வேலைக்குப் போறவங்க, எங்களுக்குச் சாயங்காலந்தான் முடியும். பெருசுங்க காலைல ஆடிக்கலாமுங்களே, எந்நேரமும் சும்மாத்தானே இருக்கறீங்க?" என்றான். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். என் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, பலசாலிக்குத்தான் ஹாலுன்னா, குடியரசு தினத்துல கயிறு இழுத்துப் பார்த்துருவமா?" என்றேன்.

நான் சிரிப்புக்குச் சொன்னது. சிரித்தது நான் ஒருவன்தான். கேப்டன் "சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டான். எங்கள் ஆட்கள் எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவனை மற்ற பிரயாணிகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. டிரைவர் மட்டும் எழுந்து போய்விட்டார்.

வீட்டில் என் மனைவி சுருக்கமாக முடித்தாள். "இத்தன வருசம் மத்தவங்களுக்கு ஹோல்டான் அடிச்சீங்களே, ஒரு நாளாச்சும் உங்க வாய்க்கு அடிச்சீங்களா?" ஹோல்டான் என்பது வண்டியை நிறுத்தச் சொல்லி நாங்கள் அடிக்கும் நீள விசில்.

போட்டி நாளன்று நர்ஸம்மா ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வந்து, ஆள் ஆளாகச் சோதித்துத்தான் கயிற்றைத் தொடவிட்டார். எட்டுப் பேர் தேறினார்கள். கடைசியில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நங்கூரம் மாதிரி நிற்க டிரைவர். என்னைக் கயிற்றருகே விடவேயில்லை. "கண்டக்டரே, கயிறு உங்களவிடத் தடியா இருக்குது. ஓரமா நின்னு விசிலாச்சும் ஊதுங்க" என்றார் பாய். அவர்தான் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னவர். வாலிபர்கள் புது கான்வாஸ் ஷூவில் பளபளவென்று நின்றார்கள்.

நடுவர் கைக்குட்டையைக் கீழே போட்டார். எங்கள் ஆட்கள் வெறுங்காலைச் செம்மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தார்கள். என்ன ஆச்சரியம், கயிறு எங்கள் பக்கம் நகர்ந்தது! ஒரு அடி, இரண்டு அடி. நான் டிரைவருக்குப் பின்னால் நின்று சின்னச் சின்ன விசிலாக ஊதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். டிரைவர் வரும் வழியில், ஆறேழு அடி பின்னால், யார் வீட்டு ஆடோ படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

யோசித்திருந்தால் ஆட்டை விரட்டியிருப்பேன். யோசிக்கிற பழக்கம் எனக்கில்லை. பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஆடு மாடு வந்தால் கண்டக்டர் என்ன செய்வான்? நீளமாக ஒரே ஒரு விசில் அடித்தேன். ஹோல்டான்!

டிரைவர் அப்படியே நின்றுவிட்டார். பதினாறு வருடப் பழக்கம், என் விசிலுக்கு அவர் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். பின்னால் இருந்தவர் நின்றதும் முன்னால் இருந்த ஏழு பேரும் தடுமாறினார்கள். அடுத்த நொடி எட்டுப் பேரும் கோடு தாண்டிக் குப்புறக் கிடந்தார்கள். மூன்று ஆட்டத்தில் முதல் ஆட்டம் போயிற்று.

டிரைவர் மண்ணைத் துப்பிவிட்டு எழுந்தார். "யோவ், எதுக்குய்யா ஹோல்டான் அடிச்ச?"

"பின்னாடி ஆடு..."

"ஆட்டக் காப்பாத்திட்ட. ஹாலு?"

கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரிப்புக்கு நடுவே நின்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிரைவர் மட்டும் கூட்டத்தைப் பார்க்காமல் ஹால் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து நாலரை மணிக்கு அவர் எங்கே போய் உட்காருவார்?

பாய்தான் போய் ஆட்டை அந்தாண்ட வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்தார். டிரைவர் என் பக்கம் திரும்பி, "வூட்டுக்குப் போறியா, வேலையப் பாக்கறியா?" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "மாரண்டஹள்ளி சந்தை நாளுல கூட்டத்துக்கு நடுவுல ரிவர்ஸ் எடுப்பமே, அந்த மாதிரி ஊது. நான் திரும்பிப் பாக்கமாட்டேன்" என்றார்.

அப்போதுதான் என் மரமண்டையில் பல்பு எரிந்தது. கயிறு இழுப்பதும் ரிவர்ஸ் எடுப்பதும் ஒன்றுதானே! இரண்டிலும் ஆள் முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் போகவேண்டும். எட்டுப் பேரிடமும், "ஒரு விசிலுக்கு ஒரு எட்டு. விசில் இல்லாதப்ப ஒருத்தரும் அசையாதீங்க" என்றேன்.

பீப். எட்டுப் பேரும் ஒரு எட்டு. பீப். இன்னொரு எட்டு. எதிரே தோள்கள் எல்லாம் மாம்பழம் மாதிரி திரண்ட பிள்ளைகள்தான், ஆனால் ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தார்கள். அந்தப் புது ஷூக்கள் செம்மண் சரளையில் வழுக்கின. இரண்டாவது ஆட்டம் எங்களுக்கு. என் மனைவி தெருப் பெண்களோடு நின்று கைதட்டினாள். எனக்கு அவள் கைதட்டியது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை.

மூன்றாவது ஆட்டம் லேசில் முடியவில்லை. வாலிபர்கள் உஷாராகிவிட்டார்கள். கயிறு நடுவில் நின்று முறுகியது. ஏட்டின் கழுத்து நரம்பு புடைத்தது, நர்ஸம்மா "போதும், விடுங்கண்ணே" என்று கத்தினார். நான் இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி ஒரு விசில் ஊதினேன். விசிலோடு சேர்ந்து என் புது பல்செட்டும் வெளியே பறந்து மண்ணில் விழுந்தது.

மேல்பல் இல்லாமல் விசில் ஊதிப் பார்த்திருக்கிறீர்களா? 'புஸ்' என்று காற்றுதான் வரும். விசில் நின்றதும் எங்கள் எட்டுப் பேரும் சொன்னபடியே அசையாமல் நின்றார்கள். டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கமாட்டேன் என்று சொன்னவர் ஆயிற்றே. அவர் முழங்கால் மட்டும் நடுங்கியது. கயிறு அவர்கள் பக்கம் விரல்கடை விரல்கடையாக நழுவ ஆரம்பித்தது.

விசிலை விட்டுவிட்டுப் பொக்கை வாயால் கத்தினேன். "வா... வா... வா..."

பஸ் ஸ்டாண்டில் விசில் கெட்டுப்போனால் பின்புறத் தகரத்தைத் தட்டிக்கொண்டு கத்துவேனே, அதே 'வா'. நல்லவேளை, பல் இல்லாவிட்டாலும் அந்த எழுத்து எப்படியோ வந்துவிட்டது. டிரைவர் ஒரு எட்டு வைத்தார். என் மனைவி முதலில் புரிந்துகொண்டாள். அவளும் "வா!" என்றாள். அடுத்து நர்ஸம்மா. பிறகு மூன்று தெருவும் ஒரே குரலில் "வா! வா! வா!" என்றது. ஒவ்வொரு 'வா'வுக்கும் எட்டுக் கிழவர்கள் ஒரே ஆள் மாதிரி பின்னால் நகர்ந்தார்கள். கேப்டன் கோடு தாண்டினான். நடுவர் கையைத் தூக்கினார். ஜெயித்துவிட்டோம்!

ஆனால் டிரைவர் நிற்கவில்லை. நடுவர் "போதுங்க, போதுங்க" என்கிறார். யார் கேட்டது? ஹோல்டான் வரவில்லையே! ஷூ போட்ட எட்டு வாலிபர்களையும் மைதானம் முழுக்க இழுத்துக்கொண்டு போகிறார். உண்மையை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். உதட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் என்னால் ஒரு விசில் ஊதியிருக்க முடியும். நான் ஊதவில்லை. டிரைவரின் குதிகால் ஹால் படியைத் தொட்ட பிறகுதான், சாவகாசமாக, நீளமாக ஒன்று அடித்தேன்.

டக்கென்று நின்றார். அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க தாத்தா, ஜெயிச்ச பொறவும் எதுக்குங்க இந்த இழுவை?" என்று மூச்சு வாங்கக் கேட்டான் கேப்டன்.

"விசில் வராம எப்படிப்பா வண்டிய நிறுத்தறது?" என்றார் டிரைவர்.

கேப்டன் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டான். மறுநாளிலிருந்து அவர்களுடைய இரும்புக் குண்டுகள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஹாலுக்கு வந்தன. சாயங்காலம் எங்களுக்கே. அன்று நான் பல்செட்டைத் தேடிப் போனபோது, அவிழ்த்துக்கொண்டு வந்த ஆடு அதை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. உயிரைக் காப்பாற்றியவனுக்கு அது காட்டிய நன்றி, தின்னாமல் விட்டதுதான்.

அந்தச் சாயங்காலம் வழக்கம்போல டிரைவர் "காயை அடுக்குங்க" என்றார். அடுக்கினேன். பதினாறு வருடம் அந்த மனிதர் திரும்பிப் பார்க்காமல் என் மூச்சை நம்பிப் பின்னால் வந்திருக்கிறார் என்பது, நடுங்கிய அந்த முழங்காலைப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கும் யாராவது "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டால், கழுத்தில் தொங்கும் அந்தப் பழைய விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு ஹோல்டான் இன்னும் யாரும் அடிக்கவில்லை.