4417 என்ற புரோகிராம்

நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க. இது எனக்கு நடந்தது.

ஞாயிறு மதியம். ஆபீஸில் நான் மட்டும். எங்கள் வீட்டிலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்ந்து அஞ்சு மாசம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சர்வர் விழுந்தால் என் வேலையும் விழும். மேனேஜர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

மெமரி நிரம்பி மூச்சு முட்டினால் கம்ப்யூட்டர் ஒரு காரியம் செய்யும். ஓடுகிற புரோகிராம்களில் அதிகம் தின்பதைப் பார்த்துக் கொன்றுவிடும். மற்றவை பிழைக்கும். எங்கள் ஆபீஸில் ஆளாளுக்குத் தன் புரோகிராமுக்கு 'தொடாதே' என்று முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். பிறகு அது யாரைத்தான் கொல்லும்?

மணி 2.10. மெமரி 91 சதவீதம். தின்றது ஒரே புரோகிராம். எண் 4417. எனக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்த அக்காவின் லாகினில் ஓடியது. அவள் வேலையை விட்டுப் போய் ரெண்டு வருஷம் என்றிருந்தார்கள்.

கொன்றேன்.

மறுபடி வந்தது. அதே 4417. புதிதாக வந்தால் புது எண்தானே வரணும்?

2.13. மெமரி 96. அப்படி என்னதான் வைத்திருக்கிறது என்று திறந்தேன். ஒரே வார்த்தை, பக்கம் பக்கமாக.

வராதே வராதே வராதே...

எவனோ விளையாடுகிறான். பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"சார், அந்த அக்கா லாகின் இன்னும் ஓடுது."

"அதெல்லாம் உனக்கெதுக்கும்மா? சர்வர் ரூமுக்குள்ள போய் மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"நீங்க வந்து பண்றதுதானே?"

"வேலை வேணுமா, வேணாமா?"

வேணும்.

2.17. சர்வர் ரூம் கண்ணாடிக் கதவில் கார்டை வைத்தேன். திறக்கவில்லை. மறுபடி வைத்தேன்.

உள்ளே... டக்... டக்... கண்ணாடியை விரலால் தட்டுகிற சத்தம்.

உள்ளே ஆளே இல்லை.

டக்.

பிறகு... புஸ்ஸ்ஸ்.

கண்ணாடி வெளுத்தது. தீயணைக்கிற கேஸ். தீயே இல்லாமல். உள்ளே ஆள் இருந்தால் ஒரு நிமிஷம்தான்.

வெளுத்த கண்ணாடியில், உள்பக்கம்... ஒரு கை.

மறுநாள் சர்வரின் பதிவைப் பார்த்தேன். 2.16க்கு சிஸ்டம் ஒரு புரோகிராமைக் கொன்றிருந்தது. கதவு திறக்கிற புரோகிராமை. இருப்பதிலேயே சின்னது அது. மேனேஜரே 'தொடாதே' குத்தியது.

வாட்ச்மேன்தான் சொன்னார். அந்த அக்கா வேலையை விட்டுப் போகவில்லை. மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ண அனுப்பினார்களாம். ஒரு ஞாயிறு. இதே கேஸ். மெஷின் பிழைத்தது.

அன்றும் மணி 2.17.

அன்றே வேலையை விட்டேன். கிளம்பும்முன் திரும்பிப் பார்த்தேன். 4417 ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு நானே குத்தினேன்... 'தொடாதே.'