சந்தலிக்குள் வைத்த கால்

தோக்தசினுக்கு எதைத் தொட்டாலும் அருவருப்பு. மர்கிலான் ஊர் டீக்கடையில் கிண்ணத்தை மூன்று முறை கழுவாமல் வாயில் வைக்க மாட்டார். பஸ் எடுக்குமுன் ஸ்டியரிங்கைத் தேய்த்துத் துடைப்பார். அப்படிப்பட்ட மனிதரைச் சர்க்கரை நோய் கடைசியில் தன் பாதத்தையே வெறுக்க வைத்துவிட்டது.

முதலில் எறும்பு ஊர்ந்தது போலிருந்தது. பிறகு எரிச்சல். அப்புறம் மரத்தே போனது. ஒருநாள் பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. நகம் மஞ்சளாகி, தோல் வெடித்து, பார்த்தாலே குமட்டியது.

நவம்பரில் டாக்டர் முயஸ்ஸர் கறாராகச் சொன்னார். "அண்ணே, மார்ச் வரைக்கும் பஸ்ஸைத் தொடாதீங்க. அப்பச் சர்க்கரையும் குறைஞ்சிருக்கணும், காலும் முழுசா இருக்கணும். இல்லேன்னா நீங்க வண்டி ஓட்டலாம்னு கையெழுத்துப் போட மாட்டேன். தினமும் பாதத்தைப் பாருங்க. முடியலேன்னா வீட்டுக்காரம்மாவைப் பாக்கச் சொல்லுங்க. காலுக்குச் சூடு மட்டும் ஆகவே ஆகாது."

இருபத்தெட்டு வருஷம் ஓட்டிய பஸ். விடுவாரா? சர்க்கரையோடு மல்லுக்கு நின்றார். வியாழக்கிழமை தவறாமல் வீட்டில் ஆக்கும் புலாவைக் கையால் தொடவில்லை. தினமும் காலையில் விரலைக் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்து நோட்டில் எழுதினார். சக டிரைவர் ஸோகிர் கற்கண்டை நீட்டினான்.

"சர்க்கரைதாண்ணே ஆகாது. கற்கண்டு மருந்து!"

"அந்த மருந்து செஞ்ச வேலைதான் உன் பல்லுல தெரியுதே. நீயே தின்னு!"

சர்க்கரை பாதியாக இறங்கியது. பாதத்தைப் பார்ப்பதுதான் நடக்கவில்லை. மனைவி இனோயத் தினமும் கெஞ்சினாள்.

"சாக்ஸைக் கழட்டுங்க. ஒரு தடவை பாத்துடறேன்."

"மாவு பிசையற கையால இதைத் தொடப் போறியா? ச்சீ! போடி அந்தப் பக்கம்."

பிப்ரவரிக் குளிரில் உடம்பே ஐஸாக உறைந்தது. வீட்டு நடுவே சந்தலி இருந்தது: குழியில் தணல், மேலே குட்டை மேசை, அதன்மேல் கனத்த போர்வை. குடும்பமே கால் நீட்டி உட்காரும் இடம். டாக்டர் சொன்ன சூடு வெந்நீர், ஹீட்டர் என்றுதான் அவர் நினைத்தார். சந்தலியைப் போய் யார் சூடு என்பார்கள்? அது வீடு.

ஒருநாள் சாயங்காலம் அவர் சந்தலிக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது கறி தீயும் நாற்றம் வந்தது.

"இனோயத்! கறியைத் தீய விட்டுட்டியா? நாத்தம் குடலைப் புரட்டுது!"

"கறியா? அடுப்பே இன்னும் மூட்டலியே."

சொன்னவள் போர்வையின் ஓரத்தில் புகையைப் பார்த்தாள். மாவுக் கையோடு ஓடிவந்து போர்வையைத் தூக்கினாள். வலதுகால் தணலுக்குள் சரிந்து கிடந்தது. சாக்ஸ் உருகி விரல்களோடு ஒட்டியிருந்தது. அவருக்கு ஒரு சுருக்குக்கூட வலிக்கவில்லை. குனிந்து பார்த்தவர் அங்கேயே வாந்தி எடுத்தார். இனோயத் அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், காலில் சுற்றியிருந்த கட்டைப் பிரிக்குமுன் அவர் நோட்டைத்தான் நீட்டினார்.

"சர்க்கரை அருமையா இருக்குண்ணே," என்றார் டாக்டர். பிறகு கட்டைப் பிரித்தார்.

"மூணு விரலை எடுத்தாகணும். இந்தக் காலைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

தோக்தசின் சுவரைப் பார்த்தார்.

"நவம்பர்ல. நீங்க சாக்ஸைக் கழட்டச் சொன்னப்ப."