ஆமாய் பட்டணத்தில் ஆத்தா வைத்த குங்குமம்

சீன தேசத்தில், அவர்களுடைய புத்தாண்டுக் காலையில், சாவைக் கூட்டி வந்தவன் என்று சொல்லி என்னை ஒரு வீட்டிலிருந்து துரத்தினார்கள். எனக்கு அந்த ஊரில் வேறு வீடு கிடையாது. தமிழில் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. அன்றைக்கு என்னைத் தூக்கி நிறுத்தியது யார் என்பதை, மாரியாத்தாளின் பிள்ளைகளான உங்களிடம் சொல்லாமல் நான் யாரிடம் சொல்வேன்?

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு ஏற்றிவிட்ட காலம் உங்களுக்கு மறந்திருக்காது. மலாக்காவில் லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலும் லயத்து வரிசை வீடுகளில் பாதி காலியாகிவிட்டது. அப்பாவை எப்போது ஏற்றுவார்களோ என்று அம்மா சோறு இறங்காமல் கிடந்தாள். நான் அப்போது மலாக்கா டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், மளிகைக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். முதுகில் மூட்டை இருந்தாலும் காது சும்மா இருக்காது. கடையில் பேசுகிற ஹொக்கியன் பாஷை எனக்கு மளமளவென்று வந்துவிட்டது. தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க வந்தால் தவுக்கேக்கும் அவர்களுக்கும் நடுவில் நான்தான் வாய்.

ஒருநாள் தவுக்கே என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குப் பேச வருது, படிக்க வரல. சீனாவுல என் தம்பி வீட்டுக்குப் போ. எழுத்தும் படி, எங்க பழக்கவழக்கமும் படி. படிச்சுட்டு வந்தா நீ இந்தக் கடைக்குக் கிராணி, கணக்கு எழுதுறவன். பின்னால இருக்கிற வீட்டுல உங்கப்பன், உங்கம்மா இருக்கலாம்."

படிக்காமல் வந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கப்பல்தான், எனக்குத் தெரியாதா?

லயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "ஏண்டா, சீனன் எழுத்துப் படிச்சா பால்மரம் உனக்கு ரெண்டு வாளி சேத்துக் குடுக்குமா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு மாமா. அம்மா சிரிக்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் குங்குமத்தைத் துணியில் முடிந்து என் பெட்டியில் வைத்தாள். "எங்க போனாலும் நெத்தி வெறுமையா இருக்கக்கூடாது சாமி. அவளைக் கூப்பிடு, வருவா."

சிங்கப்பூரில் கப்பலேறி, சீனக் கடற்கரையில் ஆமாய் பட்டணத்தில் இறங்கினேன். தவுக்கேயின் தம்பி நல்ல மனிதர், ஆனால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அவர் மனைவி நேர்மாறு. அவரை ஆசோ என்று கூப்பிட்டேன், அவர்கள் பாஷையில் அண்ணி. என் தட்டு காலியாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது. பள்ளிக்கூடத்தில் பொடிசுகளோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து தூரிகை பிடித்தேன். என் எழுத்தைப் பார்த்து அவை விழுந்து விழுந்து சிரித்தன. சிரிக்கட்டும். கொஞ்ச காலத்தில் அந்தப் பொடிசுகளுக்கு முன்னால் நான் பாடம் ஒப்பித்தேன். எனக்குப் படிப்பு நன்றாகவே வந்தது, அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

புத்தாண்டு நெருங்கும்போது ஆசோ காய்ச்சலில் படுத்துவிட்டார். வைத்தியர் வந்து வந்து போனார். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

நமக்கு நல்ல நாள் என்றால் என்ன செய்வோம்? விடியலில் குளித்து, புது வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பெரியவர்கள் காலில் விழுவோம். அதைத்தான் செய்தேன். மலாக்காவில் ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் தவுக்கே வீட்டுக்கு அப்படித்தான் போவேன், அவரும் ஆரஞ்சுப் பழம் கொடுத்து அனுப்புவார். அவர் தமிழனைப் பார்த்துப் பழகியவர். ஆமாயில் யார் பார்த்தார்கள்? மற்ற நாட்களில் நான் அவர்களைப் போலக் கால்சட்டையும் நீலச் சட்டையும் போட்டுக்கொண்டு, திருநீற்றைத் துளி தொட்டு வைத்திருப்பேன். அன்றைக்குக் கதவெல்லாம் சிவப்புத் தாள் ஒட்டிய வீட்டில், நோயாளியின் அறைவாசலில், தலையிலிருந்து கால்வரை வெள்ளையாகப் போய் நின்றேன். வெள்ளை அவர்களுக்குச் சாவு நிறம். சாவு வீட்டில்தான் நெற்றியில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். என் நெற்றியிலோ பட்டை பட்டையாக வெள்ளை.

சமையல்காரி அலறினாள். வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினார். "அவ செத்துட்டான்னு சொல்ல வந்தியா? அடுத்த கப்பல்ல போயிடு!"

கப்பல் வரும்வரை பின்கட்டில் ஊறுகாய் ஜாடிகள் வைக்கிற அறையில் கிடக்கச் சொன்னார்கள். மத்தியானம் ஆசோவுக்குக் காய்ச்சல் இன்னும் ஏறிவிட்டது என்று கேட்டதும் நான் உடைந்துபோனேன். எனக்குச் சோறு போட்ட கை அது. அங்கே அப்பாவும் அம்மாவும் என்னை நம்பி இருக்கிறார்கள். ஜாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். "ஆத்தா, உன் பேரைச் சொல்லித்தானே கடல் தாண்டினேன். அந்த அம்மாவை எழுப்பிவிடு. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்." பிறகு யோசித்து, "என் படிப்பையும் பார்த்துக்கொள்" என்று சேர்த்துக்கொண்டேன். தாயிடம் என்ன வெட்கம்?

சமையல்காரி எட்டிப் பார்த்தாள். "அந்த வெள்ளையைத் தொடச்சுட்டுப் போய் மன்னிப்புக் கேளு. விட்டாலும் விடுவார்" என்றாள். கை நெற்றிவரை போனது. அதற்கு மேல் போகவில்லை. திருநீற்றை அழித்துவிட்டுச் சம்பாதிக்கிற படிப்பு எனக்கு எதற்கு? மாட்டேன் என்று மூட்டை கட்டப் பெட்டியைத் திறந்தேன்.

அம்மா முடிந்து வைத்த துணி அவிழ்ந்து, உள்ளே மடித்திருந்த இன்னொரு வேட்டி முழுக்கக் குங்குமம்! அந்த வீட்டுக் கதவில் இருந்த அதே சிவப்பு, அவர்களுக்கு மங்கல நிறம். என் உடம்பு சிலிர்த்துவிட்டது. கூப்பிட்டேன், வந்துவிட்டாள்.

திருநீறு திருநீறாகவே இருக்க, அதன் நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தேன். சிவந்துபோன அந்த வேட்டியையே கட்டிக்கொண்டு நேராக ஆசோவின் அறைக்குப் போனேன். வீட்டுக்காரர் மறிக்க எழுந்தார். ஆசோ கண்ணைத் திறந்து என் நெற்றியையே பார்த்தார்.

"யார் வெச்சது?"

"எங்க ஊர் அம்மா" என்றேன்.

அவர் புருஷனைப் பார்த்தார். "நம்ம பெரியவனை மொதமொதல்ல பள்ளிக்கூடம் அனுப்பினப்போ புத்தி தொறக்கட்டும்னு நெத்தியில செவப்பு வெச்சோமே, ஞாபகம் இருக்கா? இவனுக்கு நாம வெக்கல. இவன் அம்மா இவ்வளவு தூரம் வந்து வெச்சிருக்கா. இவனையா போகச் சொல்றீங்க?" பிறகு என்னிடம், "எனக்கும் வை" என்றார்.

ஆத்தா பேரைச் சொல்லி வைத்தேன். அன்று சாயங்காலம் ஆசோ எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அந்த வாரம் போவதற்குள் அடுப்படிக்கே வந்துவிட்டார். காய்ச்சல் தானாக இறங்கியிருக்கும் என்று டவுனில் ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். சொல்லட்டும். அந்த அறையில் அவர் இல்லை, நான் இருந்தேன்.

கப்பல் வந்தது, நான் இல்லாமலே போனது. நான் படித்து முடித்தே திரும்பினேன். இப்போது தவுக்கே கடைக்கு நான்தான் கிராணி. வாசல் பலகையில் இருக்கும் சீன எழுத்து என் கையெழுத்து, டவுனுக்கு வந்தால் பாருங்கள். அப்பாவும் அம்மாவும் கடைக்குப் பின்னால் இருக்கிறார்கள். சிரித்த மாமா, சீனக் காகிதம் எது வந்தாலும் என்னிடம்தான் எடுத்துக்கொண்டு வருகிறார். நானும் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டுகிறேன். வருஷா வருஷம் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறேன்.

நான் ஆமாயை விட்டுக் கிளம்பும் முன் ஆசோ தன் கடைசிப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அன்று காலை என்னை வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வரச் சொன்னார். என்னைத் தள்ளிய அதே வாசலில் வீட்டுக்காரர் என்னை நிறுத்தினார். குழந்தையை என் முன்னால் விட்டு, "உங்க அம்மா குங்குமத்தை வை" என்றார்.

உங்களுக்கும் எந்தக் கரையில் என்ன கஷ்டம் வந்தாலும், நெற்றியை அழிக்காமல் அவளைக் கூப்பிடுங்கள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள்.